ஏரி பார்க்கப் போவதாகச் சொன்னேன்

என் மகன் வின்சன்ற் செத்த பிறகு எனக்கென்று மிச்சமிருப்பது அவன் பெற்ற ஒரு பெண்பிள்ளை மட்டும்தான். பெயர் மரி-லூயிஸ். வயது பன்னிரண்டு. அவளுடைய தாய் இம்மாகுலேற், என் மகனைப் புதைத்த அடுத்த வருடமே பிள்ளையையும் கொண்டு பாரிசை விட்டு இங்கிலாந்துக்குப் போனாள். கொவென்றி என்ற ஊரில் அவளுடைய தமக்கை இருக்கிறாள். அங்கேயே இன்னொருவனைக் கட்டினாள். கட்டட்டும். ஆனால் இந்த வருடம் வைகாசியில் போன் எடுத்து, ஆவணி முடியக் குடும்பமாகக் கனடாவுக்குப் போகிறோம் என்றாள்.

"போக முந்தி வந்து பிள்ளையைப் பாருங்கோ மாமா. ஒரு கிழமை உங்களோடை விடுறன்."

"அவளை இஞ்சை அனுப்பு."

"பாஸ்போட்டுகளைக் கனடாக்காரனிட்டைக் குடுத்திட்டம். வர நாளாகும்."

நான் நம்பவில்லை. அவள் சொன்ன எதையும் நான் நம்பினதில்லை. ஆனால் கனடா என்பது எனக்கு எட்டாத இடம். எனக்கு வயது எழுபத்தொன்று, உடம்பு முழுக்கச் சீனி வியாதி, ஒரு கண் மங்கல். இந்தக் கிழமையை விட்டால் பிள்ளையை இனிக் காணமாட்டேன்.

அந்தப் புது மனிதன் வீட்டில் போயிருந்து சோறு தின்ன எனக்கு மனமில்லை. அதனால்தான் வாகனத்தில் போய், பிள்ளையை ஏற்றிக்கொண்டு, ஒரு கிழமை ஊர் சுற்றுவது என்று முடிவெடுத்தேன். வாகனம் மடுத்தீனுடையது. மன்னாரிலிருந்து என்னோடு வந்தவன். இங்கே பாரிசில் ரூ காய் என்ற தெருவில் மரக்கறிக் கடைகளுக்குச் சாமான் இறக்குகிறான். ஒரு பழைய வான் வைத்திருக்கிறான்.

பூசை முடிந்து வந்து ஞாயிறு தோறும் பிள்ளையோடு போனில் பேசினேன். அவள் பெரிய வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு பேசுவாள்.

"அப்பப்பா, உங்கட வானில ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இது பிரான்ஸ் வாகனம்."

"அப்ப நான் முன் சீற்றில வலது பக்கம் இருந்தா, இங்க எல்லாரும் நான்தான் ஓட்டுறன் எண்டு நினைப்பாங்க."

"பொலிஸ் மறிக்கும்."

"மறிக்கட்டும். நான் புத்தகம் வாசிச்சுக்கொண்டு இருப்பன்."

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்தது. வின்சன்றுக்கும் அப்படித்தான் வரும்.

வோல்சிங்கம் மாதா கோயிலுக்குப் போகவேண்டும் என்பது என் எண்ணம். லண்டனில் இருக்கிற தமிழ் ஆட்கள் எல்லாரும் போகிற இடம். அவளுக்கோ ஸ்கொட்லாந்தில் ஏதோ ஒரு ஏரி பார்க்கவேண்டும். அதற்குள் ஒரு மிருகம் இருக்கிறதாம்.

"மாதாவுக்கு ஒரு நாள், உன்ரை மிருகத்துக்கு மூண்டு நாளோ?"

"மாதா ஓடமாட்டா அப்பப்பா. மொன்ஸ்டர் ஒளிக்கும்."

இங்கிலாந்தில் வீதியின் இடப்பக்கம் ஓட மடுத்தீன் பயந்தான். நான் மன்னாரில் லொறி ஓடினவன், பக்கத்தில் இருந்து சொல்லுகிறேன் என்றேன். முன் சீற்றில் பிள்ளை என்றால் நீ எங்கே இருப்பாய் என்று கேட்டான். பின்னால், வெங்காயச் சாக்கு வைக்கிற இடத்தில் என்றேன்.

விசா மட்டும்தான் பாக்கி. மடுத்தீன் பிரஞ்சுப் பிரஜை, அவனுக்குத் தொல்லை இல்லை. நான் பிரஜாவுரிமை கேட்கவில்லை. கேட்டால் கூப்பிட்டு வைத்துப் பழைய அகதிக் கேஸைக் கிண்டுவார்கள். என் கையில் இருப்பது அகதிக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். அதோடு போவதென்றால் இங்கிலாந்துக்காரனிடம் கேட்டுத்தான் போகவேண்டும்.

ஐந்து வருடத்துக்கு முதலும் ஒருமுறை கேட்டேன். பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அங்கேயே நின்றுவிடுவாய் என்று மறுத்துவிட்டார்கள். உண்மை சொன்னதற்குக் கிடைத்தது அது. இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் எங்களைக் கூட்டி வந்தவன் சொல்லித்தந்ததும் வேறு: எவன் கேட்டாலும் சொந்தம் ஒருத்தரும் இல்லை என்று சொல், கூடப்பிறந்தவன் பக்கத்தில் நின்றாலும் சொல். அப்படிச் சொல்லித்தான் நாங்கள் எல்லாரும் தப்பினோம்.

ரூ லூயி-பிளாங்கில் ஒரு டிக்கெட் கடை. அங்கே ஜோன்சன் என்ற பொடியன் கொம்பியூட்டரில் விசா விண்ணப்பம் அடித்துக் கொடுப்பான். நானும் மடுத்தீனும் போய் இருந்தோம்.

"ஐயா, அங்கை சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை எண்டு அடி."

"பேத்தியைப் பாக்கத்தானே போறியள்?"

"நீ வெள்ளைக்காரன்ரை ஆளோ? அடி எண்டா அடி."

"முதல் போட்டதிலை பேத்தி எண்டு கிடக்கும் ஐயா. அவங்கள் எல்லாம் வைச்சிருப்பாங்கள்."

"அஞ்சு வருசத்துக் குப்பையை ஆர் வைச்சிருக்கிறான்?"

இவன்கள் பயம் காட்டித்தான் பிழைக்கிறான்கள் என்று நினைத்தேன். மடுத்தீனும் என் பக்கம்தான். "சொந்தம் எண்டாலே அவனுக்குச் சந்தேகம் வந்திடும் தம்பி. ஐயா சொல்லுறமாதிரிப் போடு."

"அப்ப என்னத்துக்குப் போறியள் எண்டு போடுறது?"

"ஏரி பாக்க," என்றேன்.

ஆடி நடுவில் பயணப் புத்தகம் திரும்பி வந்தது. அதோடு வந்த ஆங்கிலக் கடதாசியை ஜோன்சனிடம் கொண்டு போனேன். அவன் இரண்டு தரம் வாசித்தான்.

"தரேல்லை ஐயா. பொய் சொன்னதாம். முந்தி பேத்தி இருக்கெண்டு சொல்லியிருக்கிறியள், இப்ப ஒருத்தரும் இல்லை எண்டிறியள். இனிப் பத்து வருசத்துக்குக் கேட்டாலும் தரமாட்டாங்களாம்."

"திருப்பி எழுது. எனக்குப் பேத்தி இருக்கெண்டு எழுது."

"இப்ப எழுதினா அதைத்தான் பொய் எண்டுவாங்கள்."

நான்தான் சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். அறைய ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

இம்மாகுலேற்றுக்குப் போன் எடுத்தேன். "பாஸ்போட் இன்னும் வரேல்லை மாமா. வந்தா அடுத்த நாளே நான் கூட்டிக்கொண்டு வருவன்," என்று அழுதாள். அன்றைக்கு முதல்முறை அவளை நம்பினேன். கிழமைக்குக் கிழமை எடுத்துக் கேட்டேன். பாஸ்போட் வரவில்லை. பிள்ளையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ வாய் திறக்காதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிறு தோறும் பிள்ளை வழி சொன்னாள், நான் ஓம் ஓம் என்றேன்.

தேர்த் திருவிழா நெருங்கியிருந்தது. மடுத்தீன் ரூ பஜோலில் பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தான். நான் வானின் முன் சீற்றில், வலது பக்கம் இருந்தேன். அடுத்த செவ்வாய் அவர்களுக்குப் பிளேன். பாஸ்போட் திங்கள்தான் கையில் கிடைக்குமாம்.

"என்னைக் கலே துறைமுகத்திலை கொண்டுபோய் விடு," என்றேன்.

"விட்டா?"

"இங்கிலாந்து போற லொறி ஒண்டிலை ஒளிச்சு ஏறுறன்."

"எழுபத்தொரு வயசிலை? மணித்தியாலத்துக்கு ஒருக்கா உனக்கு மூத்திரம் போகவேணும். லொறிக்காரனை மறிச்சுக் கேப்பியோ?"

"அப்ப நீ போ. நீ போய்ப் பிள்ளையை ஏத்து."

"அவளுக்கு என்னைத் தெரியாது அண்ணை." சாக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "பிள்ளையிட்டைச் சொல்லு. வாசலிலை நிண்டு வானைப் பாத்துக்கொண்டிருக்கப்போகுது."

போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பப்பா, நான் பாக் எல்லாம் அடுக்கிட்டன். எந்த நாள் வாறீங்க?"

"வரேலாது பிள்ளை. விசா தரேல்லை."

"ஏன்?"

வான் பழுது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. ஆனால் இனி ஒரு பொய்யைத் தூக்க எனக்குத் தெம்பில்லை.

"நான் பொய் சொல்லிப்போட்டன்."

"என்ன பொய்?"

"அங்கை எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னன்."

அவள் திருப்பிச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். தமிழ் விளங்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நான் இல்லை எண்டா சொன்னீங்க?"

"ஓம்."

"அப்ப ஏன் வாறீங்க எண்டு சொன்னீங்க?"

"ஏரி பாக்க எண்டு."

"மொன்ஸ்டர் இருக்கிற ஏரியா?"

"ஓம் பிள்ளை."

"மொன்ஸ்டர் இருக்கு எண்டு சொன்னீங்க," என்றாள். "என்னை இல்லை எண்டு சொன்னீங்க."

மடுத்தீன் கடைசிச் சாக்கையும் இறக்கிவிட்டு வந்து ஸ்டியரிங் பக்கம் ஏறினான். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறப்பைத் திருகி வானைக் கிளப்பாமல் இருந்தான். போன் என் காதிலேயே இருந்தது. அவள் வைக்கவில்லை. விக்கல் சத்தம் மட்டும் கேட்டது. அது சிரிப்பில் வந்ததல்ல.