கார்டு என்றொரு வான்கோழி

பேத்தி மஸ்கட்டுக்குப் போன பிறகு இருதயமேரி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கணவர் சவுரிராயனுக்கு முதலில் அது தெரியவில்லை. ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் கீமேனாக இருந்தவர் அவர். தினமும் விடியற்காலையில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த இடங்களைத் தட்டி இறுக்கிக்கொண்டே போகிற வேலை. தனியாக நடந்தே பழகிய ஆளுக்கு, வீட்டில் சத்தம் இல்லாதது ஒரு குறையாகப் படவில்லை. ஒருநாள் மத்தியானம் அவள் சோற்றுத் தட்டை அவர் முன்னால் நகர்த்திவிட்டுப் போனபோதுதான், காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று அவருக்கு உறைத்தது.

பேத்தி மெர்லின் எட்டு மாதக் கைக்குழந்தையாகத் திண்டிவனத்துக்கு வந்தவள். மகள் பிரபாவதியும் மருமகனும் மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தார்கள். குழந்தை ஆயா இருதயமேரியின் இடுப்பிலேயே வளர்ந்து, நடந்து, பேசி, சண்டை போட்டு, ஐந்து வயதை முடித்தது. ஏப்ரலில் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பெற்றவர்களிடம் பிள்ளை போவதில் என்ன தப்பு என்று இருதயமேரியே எல்லோரிடமும் சொன்னாள். ஏர்போர்ட்டில் அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையின் துணிகளைத் துவைத்து, மடித்து, ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பிறகு டி.வி. போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாள், யாரிடமும் நிற்காமல் திரும்பி வந்துவிடுவாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். பிரபாவதிதான் போனில் வழி சொன்னாள்.

"ஒரு நாய்க்குட்டி வாங்கிக் குடுப்பா. இங்க தனியா இருக்கறவங்க நெறைய பேரு அப்படித்தான் வளக்கறாங்க. மனசுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா நீயா எதையாச்சும் வாங்கிக்கினு வந்து நிக்காத. அம்மாவ கூட்டிக்கினு போயி, அவங்களயே எடுத்துக்கச் சொல்லு."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஏற்கெனவே அவர் யாரையும் கேட்காமல் ஒரு மீன் தொட்டியை வாங்கி வந்து டி.வி. பக்கத்தில் வைத்திருந்தார். இருதயமேரி வாரம் ஒருதரம் தண்ணீர் மாற்றினாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்து கொடுத்தாள். அது இங்கே பால் குடித்துவிட்டு அங்கே போய்த் தூங்கியது. கடைத்தெருவில் லவ் பேர்ட்ஸ் காட்டினார். கூண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதுங்களே ஜோடி ஜோடியா பேசிக்கினு இருக்குதுங்க, நாம எதுக்கு நடுவுல?" என்று நடந்துவிட்டாள்.

ஜூலையில் ஒருநாள், கோலியனூரில் நல்ல ஜாதி நாய்க்குட்டிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு அவளை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். சீனுவாசன் என்பவர் வீட்டுக்குப் பின்னால் வலை அடித்து நாய் வளர்த்தார். பொசுபொசுவென்று ஐந்து குட்டிகள். அதில் ஒன்றை எடுத்து இருதயமேரியின் மடியில் வைத்தார். அது அவள் கட்டைவிரலைச் சப்பியது. சவுரிராயனுக்கு நம்பிக்கை வந்தது. அவள் முகம் இளகியதை அவர் பார்த்தார்.

தாய் நாய் ஒரு தூணில் கட்டியிருந்தது. குரைக்கவில்லை. குட்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சங்கிலி இழுக்கிறவரை வந்து நின்றது. சீனுவாசன் அதட்டியதும் உட்கார்ந்துகொண்டது. ஆனால் கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

இருதயமேரி எழுந்து போய்க் குட்டியை அதன் முன்னால் விட்டாள்.

"வேணாங்க. வாங்க போவலாம்."

குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது, பால்குடி மறந்துவிட்டது, எப்படியும் யாராவது வாங்கிப் போகப் போகிறவர்கள்தான் என்றெல்லாம் சீனுவாசன் எடுத்துச் சொன்னார். அவள் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய் நின்றிருந்தாள். சவுரிராயன் அசட்டுத்தனமாகச் சிரித்து அவரிடம் விடைபெற்றுக்கொண்டார். மகள் சொன்ன ஆறுதல், இருதயமேரியின் புண்ணிலேயே விரலை வைத்துவிட்டது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.

விழுப்புரம் வந்து இறங்கியதும் திண்டிவனம் பஸ்ஸைத் தேடினார். அப்போதுதான் அவள், ரயில்வே காலனி பக்கம் போய்விட்டுப் போகலாமா என்று கேட்டாள். மூன்று மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் காரியம் அது. வெயிலைக்கூடப் பொருட்படுத்தாமல் உடனே கிளம்பினார்.

அவர்கள் பதினெட்டு வருஷம் குடியிருந்த வீட்டு வரிசையில் பாதியை இடித்திருந்தார்கள். மீதிப் பாதியில் ஆள் இல்லை. அவர்களுடைய வீடு நின்றிருந்தது. கூரை இல்லை, ஜன்னல் இல்லை; சமையலறைச் சுவரில் மட்டும் அவள் கரி துடைத்துத் துடைத்து வழுவழுப்பான இடம் அப்படியே இருந்தது. பின்பக்கம் தண்ணீர்க் குழாய் இருந்த மேடை, துணி துவைக்கிற கல், அதற்கு அப்பால் முள்செடி, அதற்கும் அப்பால் லைன். ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. கூடத்துத் தரை அந்தக் காலத்தில் அதிர்ந்த மாதிரியே காலுக்கடியில் அதிர்ந்தது. சவுரிராயனுக்கு அந்த அதிர்விலேயே எல்லாம் திரும்பி வந்தது. காலை ஒரு மணி நேரம் மட்டும் வரும் தண்ணீருக்கு வரிசையாக நிற்கும் குடங்கள், பழைய தண்டவாளக் கட்டைகளின் தார் வாசனை, டிசம்பர் பிறந்ததும் வாசலில் மூங்கில் குச்சி கட்டி ஒட்டுகிற நட்சத்திரம், அரிக்கேன் விளக்கோடு லைனுக்குப் போகும்போது போர்வைக்குள்ளிருந்து கையாட்டுகிற சின்னப் பிரபா.

"கார்டு இங்கதான நிக்கும்?" என்று துவைக்கிற கல்லைக் காட்டிச் சிரித்தார்.

கார்டு ஒரு வான்கோழிச் சேவல். குஞ்சாக வந்து, மூன்று வருஷம் அந்த வீட்டுப் பின்பக்கத்தை ஆண்டது. ஒவ்வொரு ரயிலும் ஊதும்போது அது கழுத்தை நீட்டிக் களகளவென்று பதில் கொடுக்கும். வண்டிக்கு இதுதான் கொடி காட்டி அனுப்புகிறது என்று காலனியில் எல்லோரும் சொல்லிச் சொல்லி அதற்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சவுரிராயன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மேஸ்திரியின் வேட்டியை அது கொத்தி இழுத்தது, அதற்குப் பயந்து தபால்காரர் மதில் மேல் ஏறி நின்றது. வழக்கமாக அவர் அந்தக் கதையை முடிக்கிற இடத்தில்தான் முடித்தார். தொண்ணூற்று மூன்று கிறிஸ்மஸுக்கு முகையூரிலிருந்து அக்கா வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவரும் மச்சானும் சேர்ந்து அதை அறுத்தார்கள். அந்த மாதிரிக் கறியை அதற்கப்புறம் தின்னவே இல்லை.

ரிடையர்மெண்ட் விருந்தில்கூட அவர் இதைச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

இருதயமேரி சிரிக்கவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"நீங்க விடியக்காலம் லைனுக்குப் போனா சாயந்தரம்தான் வருவீங்க. வந்தா சாப்டுட்டுப் படுத்துக்குவீங்க. உங்க மேல தப்பு சொல்லல, அந்த வேல அப்படி. எனக்குப் பேசறதுக்கு யாரு இருந்தா? அதுகிட்டதான் பேசிக்கினு கெடந்தேன். நானு துணி தொவைக்கற வரைக்கும் அது இங்கியே நிக்கும்."

அவர் எதிரே குழாய் மேடையில் உட்கார்ந்தார்.

"பிரபாவ கூட்டிக்கினு பூசைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா குழாயாண்ட ரெக்கையா கெடக்குது. முடிய முடிஞ்சிக்கினு உள்ள போயி மசால அரைச்சேன். அன்னிக்கி நானு ஒரு துண்டுகூட வாயில வெக்கல. நீங்க பாக்கல."

"நீ ஒண்ணும் சொல்லலயே, மேரி."

"கிறிஸ்மஸுக்குன்னுதான் வளக்கறோம்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தீங்க. இன்னான்னு சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை அவள். முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததை, கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் கறியின் ருசியை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டு. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திண்டிவனம் வருகிறவரை திருப்பவில்லை.

பத்து நாள் கழித்து, பிரம்மதேசத்தில் மாரியப்பன் என்பவர் வான்கோழி வளர்க்கிறாராம், பார்க்கப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "பாத்துட்டு வேணா வரலாம்" என்றாள்.

மாரியப்பனின் கொட்டகையில் நாற்பது பறவைகளாவது இருக்கும். கிறிஸ்மஸுக்குத் தயாராகிற பறவைகள். அவற்றின் நடுவில் ஒரு பெரிய சேவல் வாலை விசிறியாக விரித்து, இறக்கையால் தரையைச் சீய்த்துக்கொண்டு நடந்தது. அதே கறுப்பு மினுமினுப்பு, அதே சிவந்த தாடி. "மேரி, இத பாரு, அப்படியே அச்சு" என்றார் சவுரிராயன்.

"அது மாரியே இருக்கறது வேணாங்க," என்றாள் அவள்.

ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அரைமணி நேரம் ஆயிற்று. மாரியப்பன் கீரைத்தண்டை அள்ளிப் போட்டார். பறவைகள் எல்லாம் அங்கே ஓடின. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டை மட்டும் பாதி தூரம் ஓடி, நின்று, திரும்பி வந்து அவள் செருப்பின் வாரைக் கொத்திப் பார்த்தது. அவள் காலை நகர்த்தவில்லை. அது வேலையைப் பொறுமையாகத் தொடர்ந்தது. வாரில் ருசி இல்லை என்று தெரிந்த பிறகும் போகாமல் அங்கேயே உட்கார்ந்து இறகைக் கோதியது.

"இதுதாங்க," என்றாள்.

பெட்டையில் அவ்வளவாகக் கறி தேறாது என்று மாரியப்பன் சவுரிராயன் காதோரம் வந்து சொன்னார்.

"கறிக்கு இல்லப்பா," என்றார் சவுரிராயன். "வீட்ல இருக்கறதுக்கு."

மாரியப்பன் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மழையில் நனைய விடக்கூடாது, ஈரத் தரையில் படுக்க விடக்கூடாது, வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டால் நன்றாகத் தின்னும் என்று அக்கறையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். ஷேர் ஆட்டோவில் இருதயமேரி கூடையை மடியில் வைத்து, மூடிய சாக்கின் மேல் கையைப் பரப்பிக்கொண்டு வந்தாள்.

வந்த இரண்டு நாள் அது தின்னவில்லை. மூன்றாம் நாள் பறந்து பாஞ்சாலி வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டது. அறுபத்தாறு வயதில் சவுரிராயன் ஏணி போட்டு ஏறினார். பிடித்துக்கொண்டு இறங்கும்போது அது அவர் மணிக்கட்டை ரத்தம் வரக் கொத்தியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த இருதயமேரி சிரித்தாள். ஏணி ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். அவர் மேலேயே நின்று, அவள் சிரித்து முடிக்கிறவரை இறங்காமல் இருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் அவள் குரல் கேட்கத் தொடங்கியது. கத்தரிப் பூ உதிர்கிறது, சாமியார் பிரசங்கத்தை நீட்டிவிட்டார், பிரபா நேற்று போன் பண்ணவில்லை, குழந்தை இளைத்திருக்கிறாள். எல்லாம் பறவையிடம். சவுரிராயன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். தன்னிடம் ஒருநாளும் சொல்லாத சங்கதிகள். ஒருநாள் தைரியம் வந்து, பேப்பரை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்தார். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சற்றுப் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மெர்லின் வீடியோவில் பறவையைப் பார்த்துவிட்டு, "ஆயா, அது பேரு இன்னா?" என்று கேட்டாள். இன்னும் வைக்கவில்லை, நீ லீவுக்கு வரும்போது வை என்றாள் இருதயமேரி. அன்றைக்கு அவள் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை வெயிலில் போட்டாள்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் மூவரும் தாழ்வாரத்தில் இருந்தார்கள். பறவை இருதயமேரியின் புடவை ஓரத்தில் ஒடுங்கியிருந்தது. சவுரிராயன் கூரையிலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கி உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"ஆமா," என்றாள் அவள். "கேட்டிருக்கணும்."

மழை வலுத்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள், காலனியில் ஒரு மழைக்காலத்தில் பிரபாவுக்கு அம்மை போட்டதையும், அவர் லைனிலிருந்து வர முடியாத அந்த மூன்று நாள் எதிர்வீட்டுக்காரி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்ததையும் சொல்ல ஆரம்பித்தாள். சவுரிராயன் அதைக் கேட்டதே இல்லை. நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுக்காரியின் பெயர் என்ன என்று கேட்டார்.