நல்ல நிலையில் ஒரு முழங்கை

மாரிக்கனி காலை வியாபாரத்தை முடித்து இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மதுரையிலிருந்து ஒரு பெண் பேசினாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், சரவாங்கி வாதம் தின்றுபோட்ட மாரிக்கனியின் வலது முழங்கை மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்த ஆஸ்பத்திரி அது.

"அம்மா, மூட்டு மாத்துனவங்க எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்கிறோம். அதே கையில மறுபடி ஆபரேஷன் எதுவும் பண்ணுனீங்களா?"

"இல்ல தாயி. ஆனா..."

"வச்ச மூட்டு உள்ள அப்படியேதான இருக்கு?"

"இருக்கு. இருக்குன்னா..."

"ரொம்ப நல்லதும்மா. நல்ல நிலையில இருக்குன்னு போட்டுக்கிறேன்."

அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். மாரிக்கனிக்கு முகமெல்லாம் சுட்டது.

முதல் ஆறு வருஷம் கை நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. வலி விட்டது, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடிந்தது, தன் சடையைத் தானே பின்னினாள். கை குணமாகிவிட்டது என்று நம்பித் திருச்சுழி ரோட்டோரம் இட்லிக் கடையும் போட்டாள். தினமும் அடிகுழாயில் எட்டுக் குடம் அடித்துத் தூக்கினாள். ஏழாம் வருஷம் மூட்டுக்குள் ஏதோ ஆடுவதுபோல் இருந்தது. பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தன. இப்போது கரண்டி பிடித்தால் தோள் வரை வலி ஏறுகிறது. தலை சீவிவிடுவதே புருஷன் சோணைமுத்துதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு அவளைத் திட்டினார். "எலும்புக்குள்ள மூட்டப் பிடிச்சிருக்க கம்பி கழண்டு ஆடுது. இந்தக் கையில அடிகுழாய் அடிக்கலாமா? அடிக்கடி தூக்குறதுன்னா ஒரு கிலோ. எப்பவோ ஒரு தடவைன்னா அஞ்சு கிலோ. ஆயுசுக்கும் அதுதான் அளவு. சொன்னாங்களா இல்லையா?"

யாரும் சொல்லவில்லை. ஆனாலும் தானே கெடுத்துக்கொண்டோம் என்ற கூச்சத்தில் இரண்டு வருஷமாக மதுரைப் பக்கமே போகாமல் இருந்தாள். அந்தக் கூச்சம் இன்று ஒரு போனில் போய்விட்டது.

"நல்ல நிலையாம்ல!" என்றாள் சோணைமுத்துவிடம். "கழட்டி எறியாம உள்ள கெடந்தா நல்ல நிலையா? கெளம்புங்க. அவுகள நேர்ல பாத்துட்டு வருவோம்."

மறுநாள் கடையைப் பூட்டினார்கள். மதுரை பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

போன் பேசிய பெண்ணின் பெயர் ரோஷினி. ஆஸ்பத்திரி மாடியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், மாரிக்கனி வந்து நின்ற வேகத்தில் பயந்துவிட்டாள்.

"என் பேரு மாரிக்கனி. நேத்து நல்ல நிலைன்னு போட்டுக்கிட்டீயே, அது நான்தான். இந்தா, கையப் பிடிச்சுப் பாரு."

ரோஷினி தயக்கத்தோடு முழங்கையைப் பிடித்தாள். மாரிக்கனி மெல்ல மடக்கினாள். உள்ளே டொக்கென்று ஏதோ நகர்ந்தது. அந்தப் பெண் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, எங்க ஃபாரத்துல மூட்டு இருக்கா, எடுத்தாச்சான்னு மட்டும்தான் கேக்கச் சொல்லியிருக்காங்க. வலிக்குதான்னு கேக்க எடமே இல்ல."

"எத்தன பேர்கிட்ட இப்பிடிக் கேட்ட?"

"நாப்பத்தொரு பேரும்மா. முப்பத்தேழு பேரு நல்ல நிலை."

அதற்குள் சத்தம் கேட்டு அறுவை செய்த பெரிய டாக்டரே வந்துவிட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"கம்பி நல்லா தளர்ந்திருக்கு. முன்னாடியே வந்திருக்கணும்மா. எடை தூக்கக் கூடாதுன்னு டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதியிருக்கோமே."

மாரிக்கனி பழைய சீட்டை மேசைமேல் விரித்தாள். "எங்க இருக்கு, காட்டுங்க."

கடைசிக்கு முந்தின வரியை அவர் தொட்டார். அது இங்கிலீஷில் இருந்தது.

"நான் எட்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவ டாக்டரய்யா. என் புருஷன் அதுவும் இல்ல. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது மட்டும் பக்கத்துல நின்னு சொல்லத் தெரிஞ்சுச்சு. ஒரு கொடம் தண்ணி தூக்காதன்னு சொல்ல வாய் வரலயா? தெரிஞ்சிருந்தா கடையே போட்டிருக்க மாட்டேன். என் கை போச்சு, அதையும் உங்க நல்ல கணக்குல சேத்துக்கிட்டீக!"

வராந்தாவில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எப்போதும் அவளை அடக்கும் சோணைமுத்து இன்று அடக்கவில்லை. "அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க சார்" என்றார்.

டாக்டர் படத்தை மேசைமேல் வைத்தார். "சொல்லியிருக்கணும்" என்றார். "மறுபடி மாத்தலாம். ஆனா எலும்பு மெலிஞ்சுபோச்சு. முதல் தடவை மாதிரி வராது."

"மாத்தணுமா வேணாமாங்கிறத நான் யோசிச்சுச் சொல்றேன். முதல்ல அந்த நல்ல நிலைய அழிங்க."

ரோஷினி அழித்தாள். தளர்வு, வலி, விரல் மரப்பு என்று தமிழிலேயே எழுதி வாசித்துக் காட்டினாள். மாரிக்கனி இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். "மத்த முப்பத்தாறு பேரையும் திரும்பக் கூப்பிடு. கை என்ன செய்யிதுன்னு கேளு. அவுக சொல்லி முடிக்கிற வரைக்கும் போன வைக்காத."

பத்து நாள் கழித்து ரோஷினி கூப்பிட்டாள். பன்னிரண்டு பேரிடம் பேசியிருந்தாள். ஏழு பேர் நிஜமாகவே சுகமாக இருந்தார்கள். ஐந்து பேருக்கு வலி. அதில் ஒருவர் குமாரலிங்கபுரத்துக்காரர். லோடு ஏற்றும் வேலையாம், இன்றுவரை சாக்கு மூட்டை தூக்குகிறாராம்.

"சொல்லிட்டீயா அவருக்கு, தூக்கக் கூடாதுன்னு?"

"சொல்லிட்டேம்மா. ரொம்பத் திட்டுனாரு."

"திட்டட்டும்" என்றாள் மாரிக்கனி. "கேட்டுக்க."