ரம்பப் பல்

இருந்தவர்கள்: மேலாளர், அவர் மனைவியின் அண்ணன், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்த பொறியாளர், நான். நாற்காலி மூன்றுதான். நான் நின்றேன்.

மச்சான் புதிதாக மின் நிலையம் கட்டியிருந்தார். அதைப் பொது மின்வலையில் சேர்க்கலாமா என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. கம்பியில் கண நேரப் பழுது ஒன்றைக் கணக்கில் உண்டாக்குவோம். இயந்திரம் ஆடி அடங்கினால் அனுமதி. அறிக்கை இன்று மாலைக்குள் போக வேண்டும். போகாவிட்டால் நிலையம் அடுத்த வருஷம்வரை தூசி தின்னும்.

திரையில் இயந்திரத்தின் ஆட்டத்தைக் காட்டும் வளைவு ரம்பப் பல்லாகக் குதித்துக் கூரையைப் பிய்த்தது.

மேலாளர் தன் பழைய வைத்தியத்தைச் சொன்னார்: தணிப்பைக் கூட்டு. ஆட்டத்தை அமுக்க நாமே கணக்கில் போடும் கற்பனை பிரேக் அது. கூட்டினேன். திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி வளைவு அடங்கியது. மச்சான் எல்லோருக்கும் கைகொடுத்தார். எனக்கு இரண்டு தரம்.

அக்காவுக்குத்தான் சந்தேகம். இயந்திரத்தின் வேகக் கட்டுப்பாட்டையே கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னாள். அப்போதும் அடங்கியது.

"எதைக் கழட்டினாலும் தூங்குது சார். இது அறிக்கை இல்ல, தாலாட்டு."

பிரேக்கை எடுத்தோம். கணக்கு காலத்தைச் சிறு சிறு அடியாக வைத்து நடக்கும். அடியைப் பாதியாக்கினேன். பல்லின் அகலமும் பாதியானது.

"நிஜ மெஷினுக்கு நம்ம அடி எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? ஆடுறது கணக்குதான்," என்றாள் அக்கா.

நம் அடியைவிட வேகமாக மாறும் உறுப்பு எங்கோ இருக்கிறது என்று தேடினோம். மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு வடிகட்டி. அது ஒரு மில்லி நொடியில் வேலையை முடிக்கும். நாங்கள் ஐந்து ஐந்தாகத் தாண்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு அடியிலும் கணக்கு இலக்கைத் தாண்டி விழுந்து, திரும்பி இன்னும் தூரமாக விழுந்தது. அவ்வளவு வேகமானது இல்லாவிட்டாலும் விடை மாறாது என்பதால் வடிகட்டியை நீக்கி நேரடியாக இணைத்தேன். பல் எல்லாம் கொட்டிவிட்டது.

பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வேறொன்று தெரிந்தது. மெதுவான, கொழுத்த அலை. ஒவ்வொரு சுற்றிலும் பெருத்தது. அடியை மறுபடி பாதியாக்கியும் அதன் வடிவம் இம்மியும் மாறவில்லை.

"இது உங்க மெஷின்தான்," என்றாள் அக்கா.

மச்சான் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, அந்த பிரேக்கை மறுபடி போடச் சொல்லேன். தங்கச்சி என்ன சொல்லுவான்னு யோசி."

மேலாளர் யோசித்தார். முகத்திலேயே தெரிந்தது. பிறகு, சேர்க்க முடியாது என்று எழுதும்படி என்னிடம் சொன்னார். மச்சானைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போய் வராந்தாவில் விட்டார். உள்ளே வந்து கதவைச் சாத்திப் பூட்டினார்.