சலூன்காரரின் ஜெபம்

ஞானஸ்நானம் எடுத்த புதிதில் சலூன்காரரின் வாய்க்குப் பூட்டே கிடையாது. வாடிக்கையாளரின் கன்னத்தில் நுரை பூசியதும் பிரசங்கம் ஆரம்பித்துவிடும். தொண்டையில் கத்தி இருக்கும்போது யார் எதிர்த்துப் பேசுவார்கள்? எல்லாரும் அசையாமல் கேட்டார்கள். அதை அவர் பயபக்தி என்று எடுத்துக்கொண்டார்.

அவர் பொய்க்காரர் இல்லை. குடியில் மூழ்கிக் கிடந்தவர். தன்னைக் கரையேற்றிய ஆண்டவர் மற்றவர்களையும் அதேபோல் ஒரே இழுப்பில் தூக்கிவிடுவார் என்று மனதார நம்பினார். சபையில் அவர் ஜெபிக்க எழுந்தால் போதகரே ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார், எப்போது முடிப்பார் என்று.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அச்சகத்தில் வேலை பார்த்த, அதிகம் பேசாத மனிதர். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். சலூன்காரர் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போவார். கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்து ஜெபிப்பார்.

"அத்தான், நீங்க பொழைச்சுக்குவீங்க. ஆண்டவர் எனக்குச் சொல்லிட்டார். நீங்க நம்பினா போதும்."

"நம்புறேம்பா."

"வாயால இல்ல அத்தான். முழு மனசோட."

"பாக்குறேன்," என்று அத்தான் கண்களை இறுக மூடிக்கொண்டார். வலி மாத்திரை சாப்பிட்டால் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடுமோ என்று சில நாட்கள் அதையும் ஒதுக்கி வைத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் அத்தான் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலைந்த பிறகு அக்கா தம்பியிடம் வந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"கடைசியா என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? என்னால சரியா நம்ப முடியல, மன்னிச்சிடுன்னார். என்கிட்ட மன்னிப்பு கேட்டார்டா. சாகுறதே தன்னோட தப்புன்னு நெனச்சுக்கிட்டுச் செத்தார்."

சலூன்காரர் வேதவசனம் ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

முதலில் அவர் அத்தானைத்தான் மனதுக்குள் குறை சொன்னார். இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாமே என்று. பிறகு கோபம் ஆண்டவர் மேல் திரும்பியது. பழைய சாராயக் கடைக்குப் போய்க் குடித்தார். மறுநாள் கத்தி தவறி ஒருவரின் காதோரம் கீறிவிட்டது. குடியை நிறுத்தினார், ஆனால் சமாதானம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து வந்துவிடுவார். போதகர் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது, "சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா," என்றார். அது உண்மையாகவே இருந்தது.

ஆண்டவர் சொன்னார் என்று தான் சொன்னது தன் சொந்த ஆசையைத்தான் என்பது அவருக்கு விளங்க வருஷக்கணக்கானது. விளங்கியபோது நிம்மதி கிடைக்கவில்லை. வெட்கம்தான் மிஞ்சியது.

அந்த நாட்களில்தான் அக்காவின் மாமனார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். சலூன்காரர் கத்தி, பிரஷ், படிகாரக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கதவைத் திறந்த அக்கா பையைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள். கதவு திறந்தே கிடந்தது.

அதன்பின் வாராவாரம் போனார். பெரியவரின் ஒட்டிய கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துச் சவரம் செய்தார், நகம் வெட்டினார். அக்கா தையல் ஆலைக்குப் போயிருந்த ஒரு நாள், பெரியவர் படுக்கையிலேயே மலம் கழித்துவிட்டார். சலூன்காரர் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தார், வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தார். பெரியவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

"விடுங்க மாமா. எனக்கும் ஒரு காலத்துல யாராவது கழுவி விட்டிருப்பாங்கல்ல."

துணியை அலசும்போது, தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். இன்னதைக் கொடு என்று எதுவும் அதில் இல்லை. 'ஆண்டவரே, ஆண்டவரே' என்பது மட்டும்தான். இதை ஜெபம் என்று சொல்லலாமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பெரியவர் குழறலாகக் கேட்டார். "எனக்குக் குணமாகுமா? நீ நல்லா ஜெபம் பண்ணுவியே."

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். பழைய சொற்கள் அவருக்குத் தொண்டைவரை வந்தன. விழுங்கிக்கொண்டார்.

"தெரியல மாமா."

"என் மகன் நம்பலன்னுதானே..."

"அத்தான் நம்பினார். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல. ஆண்டவர் சொல்லாததை நான்தான் சொன்னேன்."

சலூன்காரர் கிளம்பும்போது அக்கா குழாயடியில் முதுகைக் காட்டி நின்றாள்.

"இதை அவர் உயிரோட இருக்கும்போது சொல்லியிருக்கணும்."

"ஆமாக்கா."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

கோடை உச்சத்தில் பெரியவர் இறந்தார். பெட்டியை மூடும் நேரம் வந்தும் போதகர் வந்து சேரவில்லை. "நீ ஜெபம் பண்ணு," என்றாள் அக்கா. சொந்தக்காரர்கள் சிலர் நீண்ட ஜெபத்துக்குத் தயாராகச் சுவரில் சாய்ந்துகொண்டார்கள்.

"ஆண்டவரே, இவரை உங்ககிட்ட விடுறோம். எங்களுக்கு ஒண்ணும் புரியல. எங்களை விட்டுடாதீங்க. ஆமென்."

எல்லாருடைய கண்களும் இன்னும் சிறிது நேரம் மூடியே இருந்தன. இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். அக்கா மட்டும் ஆமென் சொன்னாள். அவளுடைய குரலில் கனிவு இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் பெரியவர் படுத்திருந்த கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். அவர் மறுமுனையைப் பிடித்தார். முற்றத்துக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டுச் சோப்புத்தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். நாற்றம் லேசில் போகவில்லை.

"அந்தக் கால் பக்கம் இன்னும் இருக்கு, பாரு," என்றாள் அக்கா.

அவர் குனிந்து தேய்த்தார்.