சரிதாவின் மாதப் பெட்டி

பெட்டி வேண்டாம் என்றால் இன்றைக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நாளை காலை கணக்கிலிருந்து பணம் தானாகப் பிடிக்கப்படும் என்று கைப்பேசியில் செய்தி வந்து கிடந்தது. நெல்லித்தோப்பில் வீட்டு முன்னறையைப் பார்லராக்கி வைத்திருந்த சரிதா, மாதாமாதம் இதே செய்தியைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவதுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் கிரீம், லிப்ஸ்டிக் என்று மாதிரிக்கு வரும், விரல் நீளம்கூட இல்லாத குழாய்களும் பாக்கெட்டுகளும் ஐந்தாறு இருக்கும்.

"ஷாம்பு பாக்கெட்டு மாதிரி கீறி ஊத்தறத அட்டப் பொட்டியில வச்சுத் தர்றான், நீயும் வாங்கற," என்பான் ராஜவேல். அவள் புருஷன், துறைமுகத்தில் ஐஸ் லாரி ஓட்டுகிறவன்.

அவன் சொல்வதும் தப்பில்லை. ஆனால் அதே தெருவில் இன்னும் இரண்டு பார்லர் இருக்க, துறைமுகத்துப் பெண்கள் இவளைத் தேடி வருவதே "இந்த மாசம் பொட்டியில என்னா வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டுதான். வைப்பதா விடுவதா என்று அவள் திரையை முறைத்துக்கொண்டிருந்தபோது ஜெயம் கூப்பிட்டாள்.

"எம்பொண்ணு மூஞ்சிய என்னாடி பண்ண? உடனே கெளம்பி வா!"

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் விற்கிறவள் ஜெயம். மகள் சுடர்விழிக்கு வெள்ளிக்கிழமை காலை கல்யாணம், நாளை சாயங்காலம் வரவேற்பு. நேற்றுக் காலை பந்தக்கால் நட்டாகிவிட்டது. நட்ட பிறகு பெண் வாசப்படி தாண்டக் கூடாது. அதனால் நேற்று சாயங்காலம் சரிதாதான் அவர்கள் வீட்டுக்குப் போய், பெட்டியில் வந்த 'பீல்' பாக்கெட்டைப் பிரித்துப் பூசி, ஃபேஷியல் செய்துவிட்டு வந்தாள். கழுவினபோது முகம் பளிச்சென்று இருந்தது. அழுக்குத் தோலை உரித்தெடுக்கிற சரக்கு அது.

சரிதா ஸ்கூட்டியை எடுத்தாள். கல்யாணப் பெண்ணின் முகத்தைக் கெடுத்தவள் என்று பெயர் வந்துவிட்டால் துறைமுகத்துப் பெண் ஒருத்தியும் இனி அவள் வாசலை மிதிக்க மாட்டாள். முன்னறையில் கிடக்கும் நாற்காலியைத் தூக்கி விற்க வேண்டியதுதான்.

பந்தலுக்குக் கீழே ஜெயம் இடுப்பில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை நிர்மலா. கல்யாணப் புடவையும் ஜாக்கெட்டும் கொடுக்க முதலியார்பேட்டையிலிருந்து வந்த இடத்தில் இதைப் பார்த்துவிட்டாள். பெண் பார்த்த அன்றே, "எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு மீன் கூடையத் தொடக் கூடாது, இப்பவே நிறுத்திக்கணும்" என்று நிபந்தனை போட்டவள் இவள்தான்.

"வாம்மா டாக்டரு," என்றாள் நிர்மலா. "வெந்த மூஞ்சியவா எங்க புள்ளைக்குக் கட்டி வைக்கிறது? உள்ள போயி பாரு."

உள்ளே சுடர்விழி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சரிதா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். மூக்கும் இரண்டு கன்னமும் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. ஆனால் நெற்றியில் ஒன்றுமில்லை. காதோரம், தாடை, கழுத்து எல்லாம் நேற்றுப் போலவே இருந்தன. சிவப்புக்கும் நல்ல தோலுக்கும் நடுவே கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு. நேற்று சரிதா பூசியதோ முகம் முழுக்க, கழுத்துவரை.

கோட்டைப் பார்த்ததும் புரிந்தது. துறைமுகத்தில் வெயிலுக்குத் துப்பட்டாவைச் சுற்றித் தாடையோடு இறுக்கிக் கட்டுவார்கள். மூக்கும் கன்னமும்தான் வெளியே தெரியும். பெண் இன்று காலை மீன் ஏலத்துக்குப் போயிருக்கிறாள்.

பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில், பூசினால் வெயிலில் போகக் கூடாது என்று இருந்ததைச் சரிதா படித்திருந்தாள். படித்தும் சொல்லவில்லை. பந்தக்கால் நட்ட வீட்டுப் பெண்ணுக்கு வெயில் எங்கிருந்து வரும் என்று நினைத்துவிட்டாள்.

சுடர்விழி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது.

"என்னா, வாயத் தொறக்க மாட்டேங்கற?" நிர்மலா வாசலை அடைத்து நின்றாள்.

"அவ என்னாத்த சொல்லுவா! பாவி, எம்பொண்ண வேக வச்சுட்டா!" ஜெயம் கத்தினாள். கத்தலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று சரிதாவுக்குத் தெரிந்தது. வேறு யாரும் வேறு எதையும் கேட்டுவிடாதபடி கத்துகிறாள்.

ஒரு வார்த்தை போதும். 'காலையில இவ எங்க போயிருந்தான்னு கேளுங்க' என்றால் பழி மொத்தமும் சரிதாவின் தலையிலிருந்து இறங்கிவிடும். பார்லர் பிழைக்கும், பெட்டியும் வரும். பெண்ணின் கல்யாணம் என்னவாகும் என்று தெரியாது. சரிதா வாயைத் திறந்தாள். மணிக்கட்டில் பெண்ணின் நகம் பதிந்தது.

"என் தப்புதாங்க," என்றாள் சரிதா. "பொட்டியில புதுசா வந்த சரக்கு. கைல வச்சுப் பாக்காம மூஞ்சியில போட்டுட்டேன்."

"என்னா பொட்டி?"

"மாசாமாசம் வரும்."

"ஓசி பாக்கெட்டக் கொண்டாந்து எங்க பொண்ணு மேல சோதிச்சியா? நிறுத்து அத. என் கண்ணு முன்னால நிறுத்து."

சரிதா கைப்பேசியை எடுத்தாள். நிச்சயமாக நிறுத்துவதா என்று அது இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும் அழுத்தித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"நாளைக்கு மேக்கப்புக்கு எங்க பக்கம் ஆளு இருக்கு, அனுப்பறேன்," என்றாள் நிர்மலா.

"வேணாம்!" ஜெயம் பாய்ந்து குறுக்கே வந்தாள். புது ஆள் வந்தால் முதலில் கோட்டைத்தான் பார்ப்பாள், அப்புறம் வாயைத் திறப்பாள். "கெடுத்தவளே சரி பண்ணட்டும், அண்ணி. சும்மா வுட்டுருவேனா? நாளைக்கு மத்தியானத்துலேருந்து இவ இங்கதான் கெடக்கணும்."

நிர்மலா முனகிக்கொண்டே ஆட்டோ ஏறினாள். சத்தம் தெரு தாண்டும்வரை பந்தலில் நின்று பார்த்துவிட்டு ஜெயம் உள்ளே வந்தாள்.

"காலையில கெழங்கான் மீனு கூட கூடயா வந்து எறங்குச்சு," என்றாள் ஜெயம், தரையைப் பார்த்து. "கல்யாணச் செலவு கழுத்த நெரிக்குது. ஒத்தயா நான் எத்தினி கூட தூக்குவேன்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, ஜெயம்மா?"

"வெயிலு ஆவாதுன்னு நீ சொன்னியாடி?"

ஜெயம் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். "வையி அத, எரியும்," என்று சரிதா அதட்டி, குடத்துத் தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பெண்ணின் கன்னத்தில் ஒற்றினாள்.

"அக்கா, இனி பொட்டி வராதா?"

"வராது."

"அந்த ரோஸ் லிப்ஸ்டிக்கு அடுத்த மாசம் வரும்னு சொன்ன..."

"வாய மூடு. பேசினா தோலு இழுக்கும்."

துணி சூடேறிவிட்டது. எடுத்துப் பார்த்தாள். சிவப்பு கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது, கோடு அப்படியே இருந்தது. மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.