மங்குஸ்தான் கடையில் முதல் பாடம்

குற்றாலத்தில் அருவி சீசன் தொடங்கி ஒரு வாரம் ஆகியும் ஜெனியின் ஆன்லைன் வகுப்பில் ஒருவர்கூடச் சேரவில்லை. திங்கட்கிழமைக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் சென்னை வேலைக்குப் போய்விடுவதாக அப்பா ஜஸ்டினிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கு மலையாளம். அதுதான் வகுப்பு. கேரளத்துப் புனலூரில் படித்த ஜெனிக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. தென்காசி வீட்டில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க எழுத்துகளில் தொடங்கிப் பன்னிரண்டு வீடியோ எடுத்தாள். முதல் வீடியோவைக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். இருபத்தெட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஐந்தருவிக்குப் பஸ் ஏறினாள். அப்பாவின் நண்பர் குத்தாலிங்கம் அங்கே பழக்கடை வைத்திருந்தார்.

"வீடியோ பாத்தியளா அண்ணாச்சி?"

"பாத்தேன்ட்டி. நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்? மங்குஸ்தான்லா விக்கணும்."

அப்போது ஈரத்தலையோடு ஒரு மலையாளக் குடும்பம் வந்து நின்றது. அந்தப் பெண் ஏதோ கேட்டாள். குத்தாலிங்கம் விரல்களைக் காட்டினார், பழத்தைக் காட்டினார், சிரித்தார். அவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.

"என்னட்டி கேட்டாவ?"

"அழுகல் இருந்தா மாத்தித் தருவியளான்னு."

"தாராளமாத் தருவேனே. அத எப்படிச் சொல்லணும்?"

ஜெனி போனை எடுத்து வீடியோ பதிவைத் தொடங்கிவிட்டுச் சொன்னாள். "கேடுண்டெங்கில் மாற்றித் தராம், சேச்சீ."

"கேக்கலட்டி."

அருவியின் இரைச்சல். இப்படி எந்தச் சத்தமும் நுழையக் கூடாதென்றுதான் வீட்டில் போர்வை கட்டினாள். ஆனால் இவர்கள் மூன்று மாதமும் இந்தச் சத்தத்துக்கு மேலேதானே வியாபாரம் செய்கிறார்கள்? தொண்டையைத் திறந்து சொன்னாள். அவரும் கூவினார். மூன்றாம் தடவை கூவியபோது அடுத்த கடையில் நின்ற அந்தப் பெண் திரும்பினாள், சிரித்தாள், வந்தாள். இரண்டு கிலோ வாங்கினாள்.

நான்கு நிமிட வீடியோ. பன்னிரண்டு பழைய வீடியோக்களையும் அழித்துவிட்டு, இதையே முதல் பாடமென்று குழுவில் போட்டாள்.

வீடு திரும்பும் பஸ் இலஞ்சியைத் தாண்டுமுன் எண்ணெய்க்கடை யாக்கூப் வகுப்பில் சேர்ந்தார். அடுத்து ஆட்டோ இசக்கிமணி: 'வாடகை பேசுதது எந்தப் பாடத்துல வரும்?' வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது பதினேழு பேர்.

"சென்னைக்கு டிக்கெட் போடவா?" என்றார் ஜஸ்டின்.

"நாளைக்கு இசக்கிமணி ஆட்டோவுல பாடம் எடுக்கணும்ப்பா" என்றாள் ஜெனி. "ஜன்னல்ல கட்டுன போர்வைய அவுத்திருங்க."