சிவந்த வாய்

காஜா பெராங் ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பொன்னுதுரைக்கு மட்டும் யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதில்லை. லாரி ஓட்டுபவன், பிறத்தியார் வம்புக்குப் போகாதவன். ஆனாலும் பந்தியில் அவனுக்கு இலை கிடையாது.

ஜப்பான்காரன் காலத்தில் அவனை லாரியோடு பிடித்துக் கப்பலேற்றி நியூகினித் தீவில் இறக்கிவிட்டார்கள். காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தவனை அந்த ஊர்க்காரர்கள் தூக்கிப்போய், சேம்பங்கிழங்கு சுட்டுக் கொடுத்து, போர் முடியும்வரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். ஊர் திரும்பியவன் இதைப் பெருமையாகச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. மனுஷனைத் தின்கிற கூட்டத்தோடு இருந்தவன் என்னத்தைத் தின்றானோ என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு தோட்டத் துரையிடமிருந்து, படம் காட்டும் விளக்கையும் ஒரு பெட்டிக் கண்ணாடிப் படங்களையும் வாங்கி வந்தார் படிப்பகச் செயலாளர் கலியாணசுந்தரம். கூடவே துரை தன் கையால் எழுதிய விளக்கப் புத்தகமும் இருந்தது. ஞாயிறு மதியம் சன்னல்களில் சாரோங் கைலியைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, ஊரைக் கூட்டிவிட்டார்.

பெண்கள் வெற்றிலைப் பெட்டியும் படிக்கமுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சிவகாமசுந்தரி. முந்தின நாள்தான் தன் மகள் கோகிலாவின் கல்யாணத்துக்கு வீடு வீடாக அழைத்துக்கொண்டு வந்தவள், பொன்னுதுரை வீட்டு வாசலைப் பார்க்காதவள்போலத் தாண்டிப் போயிருந்தாள். அந்த வலி அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

ஏழாவது படம் விழுந்தது. நியூகினிக் கிழவர் ஒருவர். வாயில் மட்டும் தூரிகையால் சிவப்பு தீட்டியிருந்தது. கலியாணசுந்தரம் மொழிபெயர்த்துச் சொன்னார்: இவன் எதிரியின் ரத்தத்தைக் குடித்துவிட்டு வருகிறான், கையிலிருப்பது எலும்பு, கழுத்தில் தொங்கும் குடுவையில் செத்தவனின் சாம்பல்.

கூடம் முகம் சுளித்தது. தலைகள் பின்னால் நின்ற பொன்னுதுரை பக்கம் திரும்பின. பேசாமல் வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தான். போனால் ஊர் சொன்னது உண்மையாகிவிடும். தவிர, தனக்கு உயிர்ப்பிச்சை கொடுத்த கிழவரும் இதே சாயல்தான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று முன்னால் போனான்.

"செயலாளரே, படத்த மாத்தாதீங்க. குடுவையில இருக்கிறது சாம்பல் இல்ல, சிப்பி சுட்ட சுண்ணாம்பு. எலும்பு பறவையோடது, சுண்ணாம்பு எடுக்கிறதுக்கு. பாக்க மென்னுக்கிட்டு, வெத்தலக் கொடியோட காய அதுல தொட்டுக் கடிப்பாங்க. வீட்டுக்கு ஆளு வந்தா மொதல்ல அதத்தான் நீட்டுவாங்க. எனக்கும் நீட்டுனாங்க."

துரை எழுதியிருக்கிறாரே என்று கலியாணசுந்தரம் இழுத்தார். பொன்னுதுரை ஒரு சன்னலின் சாரோங்கை உருவினான். பளீரென்று வெயில் விழுந்தது. முன்வரிசை முழுக்கச் சிவந்த வாய்கள்.

"இந்த தொர இப்ப இங்க வந்து பாத்திருந்தா நம்மளப் பத்தி என்னா எழுதியிருப்பாரு?"

 பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, கூடமே குலுங்கியது. கலியாணசுந்தரம் தன் வாயைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். துண்டும் சிவந்தது. பேனாவைத் திறந்து துரையின் வரிகளை ஒரே கோட்டில் அடித்தார்.

சிவகாமசுந்தரி மட்டும் சிரிக்கவில்லை. துரை தெரியாமல் எழுதினார், நாம் பன்னிரண்டு வருஷம் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே இவனைப் பற்றி எழுதினோமே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. படிக்கத்தில் துப்பிவிட்டு எழுந்தாள். பெட்டி மூடியில் வெற்றிலையும் பாக்கும் எடுத்து வைத்து, எல்லாரும் பார்க்க, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஆவணி பத்துல கோகிலாவுக்குக் கல்யாணம், தம்பி. மொதப் பந்தியில நீ ஒக்காரணும்."

அழைப்பு வெற்றிலையை யாரும் அங்கேயே போடுவதில்லை. பொன்னுதுரை அவள் பெட்டியிலிருந்தே சுண்ணாம்பு தொட்டு, கிழவரின் படத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டான். நன்றாகச் சிவந்தது.